டெய்சி டீச்சர் வீட்டு ரசத்துக்குப் பாடி வந்த கதை

1. மேஜைக்கு அடியில் தேடியது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலாளர் லேப்புக்குள் நுழைந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாடி எங்கப்பா?" என்பதுதான். நான் வெலவெலத்துப்போய் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

கங்கைகொண்டான் பக்கம் அப்போதுதான் திறந்திருந்த பழச்சாறு கம்பெனி அது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைக் குவாலிட்டி கன்ட்ரோலில் எடுத்திருந்தார்கள். மேலாளர் சென்னைக்காரர். கையில் ஒரு கிளாஸ் மாம்பழச் சாறு.

"கீழ என்னய்யா பாக்குற? இந்த ஜூஸ்ல பாடியே இல்லன்றேன். வாயில வெச்சா தண்ணி மாதிரி ஓடிப் போவுது. நாக்குல நிக்க வேணாமா?"

எங்கள் ஊரில் பாடி என்றால் ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வருவது. "பாடி வந்துட்டா?", "பாடியை எப்ப எடுக்காவ?" என்று மட்டும்தான் அந்தச் சொல்லை நான் கேட்டிருந்தேன். பானத்துக்கும் பாடி உண்டு, அது நாக்கின் மேல் உட்காருகிற கனம், வெறும் தண்ணீருக்கும் பாலுக்கும் வாயில் தெரியும் வித்தியாசம் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு பணி ஓய்வு பெறும் வரை பிரிக்ஸ் என்கிற சர்க்கரை அளவு, பல்ப் என்கிற பழச் சதை, பாடி என்று பேசியே காலம் போயிற்று. பேசிப் பேசி, அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துபோனது. இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் அந்த மறதிதான்.

2. கோதுமையும் கிராம்பும்

ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு புது உத்தியோகம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் பாதி வீடு கிறிஸ்தவர்கள். கிறிஸ்மஸுக்கு வீட்டிலேயே திராட்சை ரசம் போடுவார்கள். விற்பதற்கு அல்ல, கேக்கோடு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு சின்ன கிளாஸ் ஊற்ற. அந்த ரசம் புளித்தால், கலங்கினால், நுரைத்து மூடியைத் தள்ளினால் என்னைக் கூப்பிடுவார்கள். "ஜூஸ் கம்பெனியில இருந்தவருல்லா, அண்ணாச்சிக்குத் தெரியும்." கூலி கிடையாது, கேக் கொடுப்பார்கள். இன்றைக்கு எனக்கு இருக்கிற சர்க்கரை நோயில் அந்தத் தெருவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்கள் போடும் விதத்தை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படிப் போடாமல் இருப்பதற்காக. ஒரு பங்கு பன்னீர் திராட்சை, அதைக் குளிப்பாட்டுகிற அளவு தண்ணீர், தண்ணீரை மறைக்கச் சர்க்கரை, கூட ஒரு பிடி கோதுமை. எதற்குக் கோதுமை என்று கேட்டால், "எங்க அம்மா போடுவாவ" என்பார்கள். அம்மா எதற்குப் போட்டார் என்றால் அவருடைய அம்மா போட்டாராம். என் அனுபவத்தில் அது ரசத்தைக் கலக்கிவிட்டதைத் தவிர வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு கிராம்பு. பல்வலிக்குக்கூட அவ்வளவு கிராம்பு யாரும் வைப்பதில்லை. கலர் போதவில்லை என்று பீட்ரூட் போட்ட ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு ரசத்தைக் குடித்தால் சாம்பார் ஞாபகம் வரும்.

இன்னொரு சிக்கல், நான் சுவைத்துவிட்டுத் துப்புவது. லேப்பில் அது சாதாரணம். வாயில் ஒரு சுற்று சுற்றி, கனம் பார்த்து, வாஷ்பேசினில் துப்ப வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்காரம்மா முன்னால் அவர் போட்ட ரசத்தைத் துப்பிப் பாருங்கள், தெரியும். ஒரு வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்மஸுக்கு கேக் வரவில்லை.

3. டீச்சர் போட்ட நிபந்தனை

டெய்சி டீச்சர் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவருடைய கணவர் ஞானதுரை சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், என் நண்பர். டீச்சர் போடும் ரசம்தான் தெருவிலேயே பெயர் பெற்றது. அது நல்ல பெயர் என்று நான் சொல்லவில்லை.

சாருக்கு ஒரே தங்கை, ரோஸ்லின். காரில் ஒரு மணி நேரத்தில் போகிற நாசரேத் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த அம்மாவும் ரசம் போடுவார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கிறிஸ்மஸ் அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, டீச்சர் கொடுத்த ரசத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மைனி, கிளாஸ் கழுவுன தண்ணியைக் குடுத்துட்டியளோ?" என்று கேட்டுவிட்டார். டீச்சர் பதிலுக்கு ரோஸ்லின் வீட்டு ரசத்தை இருமல் மருந்து என்றார். பேச்சு வளர்ந்து, கல்யாணத்தில் போட்ட நகை வரைக்கும் போய், ரோஸ்லின் சாப்பிடாமல் காரேறினார். அதன் பிறகு வரவே இல்லை. போனும் இல்லை. ஒரு டம்ளர் ரசத்தில் தண்ணீர் கூடிப்போனதற்கு இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திய கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

போன வருடம் சாருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் தங்கைக்குச் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார். கூப்பிட்டும் அவள் வராமல் போய்விட்டால் அதைத் தாங்க முடியாது என்று பயம். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: இந்தக் கிறிஸ்மஸுக்கு ரோஸ்லின் வர வேண்டும்.

டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானே கூப்பிடுதேன். ஆனா இந்த வருசம் ரசம் அவ வாயை அடைக்கிற மாதிரி இருக்கணும். அது வரைக்கும் போன் பண்ண மாட்டேன். இன்னொரு தடவை அவகிட்ட தண்ணின்னு பேர் வாங்க முடியாது."

மறுநாள் சார் என்னை வாசலில் நிறுத்தினார். முகம் வாடிக் கிடந்தது.

"வே சுடலை, அதுக்குப் பேரு என்னமோ சொல்லுவீரே?"

"பாடி, சார்."

"அந்தப் பாடியை எப்படியாவது இவ ரசத்துக்கு வர வச்சிரும். இல்லன்னா என் தங்கச்சி என் பாடியைப் பாக்கத்தான் வருவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷனுக்குத் தங்கையைப் பார்ப்பதற்கு என் பிரிக்ஸ் மீட்டர் தேவைப்படுகிறதே என்று சங்கடமாக இருந்தது.

4. வாழைப்பழ வைத்தியம்

டீச்சரிடம் முதலில் சொன்னது, "தண்ணீர்க் குழாய்ப் பக்கமே போகாதீங்க." பன்னீர் திராட்சைக்கு வாசம் உண்டு, கனம் கிடையாது. அதில் தண்ணீரையும் ஊற்றினால் என்ன மிஞ்சும்? கோதுமை, கிராம்பு, இரண்டையும் தடை செய்தேன். கிராம்புக்கு மட்டும் டீச்சர் அழாத குறை. கடைசியில் நாலைந்துக்கு அனுமதி கொடுத்தேன்.

நயினார்குளம் மார்க்கெட்டில் காம்பு பச்சையாக இருக்கும் பழம் வாங்கினோம். கையால்தான் பிசைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் கொட்டை உடைந்து கசந்துவிடும். தோலை எடுக்கக் கூடாது; கலரும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது. நுரைத்துத் தோல் மேலே வந்ததும், காலையும் மாலையும் மரக் கரண்டியால் அமுக்கி உள்ளே விட வேண்டும். கனத்துக்குக் கறுப்புக் கிஸ்மிஸை நறுக்கிப் போட்டோம். கூடவே நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை வேகவைத்து, வடிகட்டிய தண்ணீரை மட்டும் சேர்த்தோம்.

"ரசத்துல வாழப்பழமா? இதென்ன பஞ்சாமிர்தமா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"வாழப்பழ ருசி தெரியாது டீச்சர். கனம் மட்டும்தான் தெரியும்."

"தெரிஞ்சா ரோஸ்லின் என்னை உயிரோட விட மாட்டா."

துவர்ப்புக்குக் கொஞ்சம் பால் சேர்க்காத கெட்டியான கட்டன் சாயா. அதை டீச்சர் பார்க்காத நேரத்தில் ஊற்றினேன், அதற்கும் ஒரு விசாரணை நடக்கும் என்பதால். வெயிலில் சூடேறினால் வாசம் எல்லாம் ஆவியாகிவிடும். ஆகையால் ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்கு. தோலைப் பிழிந்து எடுத்த பிறகு, அடியில் படியும் மெல்லிய வண்டலைச் சில நாள் பையக் கலக்கிவிட்டோம். அந்த வண்டலும் ரசத்துக்குச் சதை பிடிக்க வைக்கும். கடைசியில் அசைக்காமல் தெளியவிட்டோம்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, வண்டல் அடியில் இறங்கிவிட்டதைப் பார்த்து, மேலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன். உட்கார்ந்தது. நாக்கில் நின்றது. துப்பாமல் விழுங்கினேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார், முகம் மலர்ந்துபோனது. "நாளைக்குத் தெளிஞ்சதும் பாட்டில்ல இறக்கிரலாம். அப்புறம் நீங்க ரோஸ்லினுக்குப் போன் போடுங்க" என்றேன்.

அன்றைக்கு மழை ஏமாற்றிவிட்டு வெயில் கொளுத்தியது. ஜாடியைச் சுற்றி ஐஸ் வைத்தால் ஒரே ராத்திரியில் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். ஐஸ் வாங்க ஜங்ஷனுக்கு பஸ் ஏறினேன்.

5. பஸ்ஸில் பேசியது

பஸ்ஸில் கூட்டம். ஐஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை, நான் கத்தினேன்.

"ஞானதுரை சார் வீட்டுக்கு ஐஸ் வேணும் வே! ஆமா, பெரிய பெட்டியாவே குடும். பாடி நல்லா இருக்கு, இந்த வெயில்ல கெட்டுரக் கூடாது!"

போனை வைத்துத் திரும்பினால் பின் சீட்டில் இஸ்ரவேல். டீச்சர் போகும் சர்ச்சில் மணி அடிப்பவர். கண் கலங்கியிருந்தது. தூசி என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, நம்ம ஞானதுரை சார் வீட்டுலயா?"

"ஆமா வே. இன்னைக்குக் காலையிலதான்."

"எப்ப எடுக்காவ?"

"நாளைக்குக் காலையில. இன்னைக்கே எடுத்தா கலங்கிரும்."

"கலங்கத்தான செய்வாவ..." என்று அவர் தழுதழுத்தார். நான் கவனிக்கவில்லை. "டீச்சர் எப்படி இருக்காவ?"

"டீச்சருக்கு ஒரே சந்தோசம். எத்தனை வருசமா எதிர்பாத்துக்கிட்டு இருந்தாவ!"

இஸ்ரவேல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாசரேத்துத் தங்கச்சிக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல. டீச்சர் நாளைக்குத்தான் சொல்லுவாவ. எடுத்ததுக்கு அப்புறம்."

அதற்கு மேல் அந்த மனுஷனால் பொறுக்க முடியவில்லை. "என்ன மனுசங்க வே நீங்கள்லாம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் குதித்து இறங்கினார். ரசம் என்றாலே ஆகாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்த கெமிஸ்ட்ரியில் இதற்கெல்லாம் பாடம் இல்லை.

6. வெள்ளைச் சட்டை

அதற்குப் பிறகு நடந்ததைச் சார் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

முற்பகலில் சர்ச்சில் துக்க மணி அடித்திருக்கிறது. சார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாரோ போயிட்டாவ போல" என்று எழுந்து, துக்க வீட்டுக்குப் போவதற்கு வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்டிக்கொண்டே கேட்டைத் திறந்தால், பழைய மாணவர் ஒருவர் கையில் மாலையோடு நிற்கிறார்.

"யாருடே போயிட்டா?" என்று கேட்டிருக்கிறார் சார்.

அவர் மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடியவர், தெருமுனையில் போய்த்தான் நின்றாராம்.

பின்னாலேயே போதகர் வந்தார், சபைக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பிணம் இல்லாதது ஒரு ஏமாற்றம் போல இருந்தது என்று சார் சொல்வார். லீவு போட்டுவிட்டு வந்த ஒருவர், "அப்போ நாளைக்கும் ஒண்ணும் இல்லையா சார்?" என்றே கேட்டிருக்கிறார். விசாரித்ததில் இஸ்ரவேல் அகப்பட்டார். பஸ்ஸில் நான் பேசியதை அவர் வரி பிசகாமல் ஒப்பித்தார். கடைசியில், "வீட்டுக்காரவுக மறைக்காவன்னு நினைச்சு, நாசரேத்துக்கும் நானே போன் பண்ணிட்டேன் சார். தங்கச்சி கார்ல கிளம்பிட்டாவ" என்றார்.

டீச்சர் பதறிப்போய்ப் போனை எடுத்திருக்கிறார். சார் அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாவம்ங்க, அழுதுக்கிட்டு வருவா. சொல்லிருவோம்."

"சொன்னா அப்படியே வண்டியைத் திருப்பிருவா. எத்தனை கிறிஸ்மஸுக்கு இந்த வாசலைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருந்தேன், ஒனக்குத் தெரியுமா? ஒரு மணி நேரம் அவ அழட்டும். வரட்டும்."

நான் ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியது சரியாக இந்த நேரத்தில். வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் என் சட்டைக் காலரையே பிடித்துவிட்டார். "பாடின்னா கனம்ங்க! வாயில நிக்கிற கனம்!" என்று நான் விளக்க விளக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. ஆட்டோக்காரர் வேறு, ஐஸை யாருக்கு இறக்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது கார் வந்தது. ரோஸ்லின் கதவைத் திறக்கும்போதே, "அண்ணேன்!" என்று அலறிக்கொண்டு இறங்கினார். தலை கலைந்து, செருப்புகூட இல்லை. "ஒரு கிளாஸ் ரசத்துக்காக உன்னை விட்டுட்டேனே! பாவி நான் விட்டுட்டேனே!" கூட்டம் விலகி வழிவிட்டது. விஷயம் தெரிந்த நூறு கண்ணும் தரையைப் பார்த்தன.

ஹாலில் சார் வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா ரோஸ்லின். சாப்ட்டியா?"

அந்த அம்மா அப்படியே நின்றார். பிறகு ஓடிப்போய் அண்ணனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஏட்டி, நெஞ்சுல அடிச்சிராத, உள்ள கம்பி இருக்கு!" என்றார் சார். ரோஸ்லின் அவர் மடியில் விழுந்து அழுதார். சாரும் அழுதார். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் தாங்கவில்லை.

அழுது முடித்ததும் ரோஸ்லினுக்கு விக்கல் எடுத்தது. குடிக்க ஏதாவது கொடு என்றார்கள். டீச்சர் உள்ளே போனவர் தண்ணீர் எடுத்துவரவில்லை. ஜாடிக்குள் கரண்டியை விட்டுக் கலக்கி மொண்டு, ஒரு கிளாஸ் நிறைய ரசம் கொண்டுவந்தார். 'அய்யோ, வண்டல் ஏறிருமே' என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காலரைப் பிடித்த கை இன்னும் பக்கத்திலேயே நின்றதால் சொல்லவில்லை.

ரோஸ்லின் ஒரே மடக்கில் குடித்தார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இழவுக்கு வந்த அத்தனை பேரும் இப்போது அந்தக் கிளாஸைப் பார்த்தார்கள். போதகரும்தான்.

"எப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

ரோஸ்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அழுது அழுது மூக்கு அடைச்சிட்டு மைனி. ஒரு ருசியும் தெரியல. நல்லாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் தாங்க."

திராட்சை, கிஸ்மிஸ், வாழைப்பழம், கட்டன் சாயா, ஈரச் சாக்கு, இத்தனை பாடுபட்டு நான் ஏற்றிய கனம் மூக்கடைத்த ஒரு நாக்கில் இறங்கிப் போயிற்று. டீச்சரோ அந்தக் கிளாஸை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு முறை நிறைத்துக்கொண்டு வந்தார்.

7. கற்றது

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ரசத்துக்குக் கனம் வேண்டுமானால் தண்ணீரைக் குறையுங்கள், தோலை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், வாழைப்பழத்தை நம்புங்கள், கோதுமையைக் கோழிக்குப் போடுங்கள். வாசம் வேண்டுமானால் வெயிலில் வைக்காதீர்கள். பஸ்ஸில் போனில் பேசும்போது கனம் என்று தமிழில் சொல்லுங்கள்.

கலங்கிய ஜாடியைக் கொண்டுவந்த ஐஸிலேயே வைத்து மறுபடியும் தெளிய வைத்தேன். கிறிஸ்மஸ் அன்று அது நாவல்பழ நிறத்தில், அந்தப் பக்கம் இருப்பது தெரியும்படி தெளிந்திருந்தது. ரோஸ்லின் குடும்பத்தோடு வந்தார். மூக்கில் ஓர் அடைப்பும் இல்லை. டீச்சர் புதுக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். ரோஸ்லின் மோந்து பார்த்தார். ஒரு மடக்கு குடித்து, வாயிலேயே வைத்திருந்து, பைய விழுங்கினார். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மைனி," என்றார் ரோஸ்லின். "ஆனா அன்னைக்குக் குடுத்தியள்லா, அந்த ரசம் மாதிரி வராது."

அதே ஜாடி, அதே ரசம். டீச்சர் வாயைத் திறக்கப் போனார். நாற்காலிக்கு அடியில் சார் அவருடைய காலை மிதிப்பதை நான் பார்த்தேன்.

"அது வேற ஜாடி, ரோஸ்லின்," என்றார் டீச்சர். "தீந்துபோச்சு."